பக்கக்கன்று

கருத்தரங்கு முடிந்த மறுநாள் காலை, களைப்பில் தரையில் பாயை விரித்துப் போட்டு அப்படியே தூங்கிப்போயிருந்த என் மகள் நிவேதாவின் கால்மாட்டில், முழங்கால் உயரத்தில் இன்னொரு நிவேதா உட்கார்ந்திருந்தது. அதே அகன்ற நெற்றி, இடது கன்னத்தில் அதே மச்சம், கோபம் வந்தால் மேலே ஏறும் அதே ஒற்றைப் புருவம். தலை மட்டும் வாராமல் பரட்டையாக இருந்தது. காபி டம்ளரோடு நின்று பார்த்தேன். எனக்கு முதலில் தோன்றியது, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நேரமாகிறதே, இதற்கு உடுத்திவிட வீட்டில் என்ன இருக்கிறது என்பதுதான். பயம் அப்புறம்தான் வந்தது. வந்தது இன்றுவரை போகவில்லை.

நிவேதா தாவரவியல் முதுகலை கடைசி வருடம். கொள்ளிடத்துக்கு வடகரையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில், வாத்தியார்கள் யாரும் கைவைக்காமல் பிள்ளைகளே நடத்தும் தாவரவியல் கருத்தரங்கு ஒன்றுக்குத் 'தளிர்' என்று பெயர் வைத்து, அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லி என் வீட்டுக் கூடத்தை ஃபிளெக்ஸ் பேனரும் பசை டப்பாவும் அடையாள அட்டைக்கான நாடாக்களுமாக நிரப்பி, சோறு தின்ன உட்கார இடமில்லாமல் ஆக்கி, என்னையும் அவள் அப்பாவையும் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட வைத்தவள் அவள்தான். அவள் செயலாளர். தலைவன் தமீம் என்று ஒரு பையன், மருந்துக்குக்கூட ஒரு வேலையை நேரத்துக்கு முடிக்கமாட்டான், ஆனால் "ஆன்ட்டி" என்று அவன் கூப்பிட்டால் எனக்குத் திட்ட வராது. அவர்களோடு கமிட்டியில் இன்னும் ஒரு கைப்பிடிப் பிள்ளைகள்.

நடத்தியது நன்றாகத்தான் நடத்தினார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வழக்கம்போலத் தாமதம், குத்துவிளக்கு காற்றில் அணைந்து அணைந்து எரிந்தது, கட்டுரை வாசித்த பெண்ணுக்கு மைக் கழுத்துக்கு எட்டாமல் நின்றது, மரங்களின் பெயரை நடித்துக் காட்டும் போட்டியில் ஒரு பையன் புளியமரமாக நடித்து முதல் பரிசு வாங்கினான். அரங்கத்து வாசலில் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டியிருந்தார்கள். அப்போதுதான் பூ தள்ளிய மரங்கள், செக்கச்செவேலென்று பூ தொங்கியது. துறைத்தலைவர் தியாகேசன் அதன் அருகே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். மதியம் புதிதாகச் சிமெண்ட் தரை போட்ட கொட்டகையில் பிரியாணியும் தயிர்ச்சோறும். தரை இன்னும் ஈரவாசனை அடித்தது. சாயங்காலம் நிவேதாவுக்கு 'சிறந்த ஒருங்கிணைப்பாளர்' என்று கேடயம் கொடுத்தார்கள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்து நானும் அழுதேன், அழுதுவிட்டு அதற்காக எரிச்சலும் பட்டேன்.

மறுநாள் இது.

என் வீட்டில் மட்டுமில்லை. தமீமின் அம்மா நூர்ஜஹான் காலை ஏழு மணிக்கே போன் செய்து, "கிளாராம்மா, உங்க வீட்லயும் வந்திருக்கா?" என்று கேட்டாள். என்னவென்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கமிட்டியில் இருந்த ஒவ்வொரு பிள்ளையின் கால்மாட்டிலும் அந்தந்தப் பிள்ளையின் சாயலில் ஒரு சின்னது. பேச்சுக் கிடையாது. சோறு தொடாது. தண்ணீர் குடிக்கும், அதுவும் சொம்பு சொம்பாக. வெறும் மண்ணைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரல்களை உள்ளே புதைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ஒரு வாரத்தில் தையல்காரர் அளவு எடுத்தார், இரண்டாம் வாரம் ஆட்டோக்காரர் அதற்கு அரை டிக்கெட் கேட்டார், மூன்றாம் வாரம் மாவு மில்லில் நின்ற பெண்கள் "உங்களுது வளர்த்தியா இருக்கே, எங்க அண்ணன் பொண்ணுது இன்னும் இடுப்புக்கு வரல" என்று பொறாமைப்பட ஆரம்பித்தார்கள், அதற்குள் கமிட்டியில் பேர் கொடுத்துவிட்டு வேலைக்கு வராமல் போன பிள்ளைகளின் அம்மாக்கள், தங்கள் வீட்டில் ஏன் ஒன்றும் முளைக்கவில்லை என்று துறைத்தலைவரிடம் போய்ச் சண்டையும் போட்டுவிட்டார்கள். பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை விட்டது: சின்னவர்கள் வகுப்பில் உட்காரலாம், வருகைப்பதிவு கிடையாது. முதல் வாரமே, நான் படித்த கான்வென்ட்டுக்கே அதைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். தலைமையாசிரியை சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பிறந்த தேதி?" என்று கேட்டார். "போன சனிக்கிழமை ராத்திரி, சிஸ்டர்" என்றேன். "எல்.கே.ஜி.க்கு மூன்று வயசு முடிந்திருக்க வேண்டும், கிளாரா. உங்களுக்குத் தெரியாத விதியா?" என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

பங்குச் சாமியார் இன்னும் மோசம். ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு அவர் ரொம்ப நேரம் தாடையைத் தடவினார்.

"இது நிவேதாவேதான்னா, அவளுக்கு ஏற்கெனவே குடுத்தாச்சு, ஒருத்தருக்கு ரெண்டு தடவை குடுக்கக் கூடாது. நிவேதா இல்லைன்னா, தாய் பேர் எழுதணும். தாய் யாரும்மா?"

"அதைத்தான் சாமி உங்ககிட்ட கேக்க வந்தேன்."

"பிஷப்புக்கு எழுதிப் போடுறேன்" என்றார். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் அருள்தாஸ் மின்வாரியத்தில் வேலை, வெளியே கம்பத்தில் ஏறுபவர், வீட்டில் வாயைத் திறக்காதவர். அவர் அதற்கு ஒரு குட்டிக் குடையும் பூப்போட்ட செருப்பும் வாங்கிக்கொண்டு வந்தார். "இதுக்கெல்லாம் செல்லம் குடுத்துப் பழக்காதீங்க" என்று சத்தம் போட்டேன். "பாவம் கிளாரா, அது என்ன பண்ணிச்சு" என்றார். அது ஒன்றும் பண்ணவில்லைதான். காலையில் எண்ணெய் வைத்துத் தலைவாரி விட்டால் அசையாமல் நிற்கும். சமைக்கும்போது என் முந்தானையின் நுனியைப் பிடித்துக்கொண்டே அடுப்படி முழுக்கப் பின்னால் வரும். உதறிவிடுவேன். மறுபடி பிடிக்கும். நிவேதாவும் அந்த வயதில் அப்படித்தான், ஆனால் அவள் பிடித்தால் இழுப்பாள், இது இழுக்காது, சும்மா பிடித்துக்கொள்ளும்.

எங்கள் கான்வென்ட்டில் திங்கட்கிழமை காலை நகம் பார்ப்பார்கள். வரிசையில் நின்று இரண்டு கையையும் நீட்ட வேண்டும். அந்தப் பழக்கத்தில் நான் நிவேதாவையும் கல்யாண வயது வந்தபிறகும் திங்கட்கிழமைதோறும் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பேன், அவளும் முனகிக்கொண்டே நீட்டுவாள். அப்படி ஒரு திங்கட்கிழமைதான் பார்த்தேன். நகத்தின் ஓரம் மஞ்சளாக இருந்தது. மஞ்சள் அரைத்தாயா என்று கேட்டேன், இல்லை என்றாள். அடுத்த திங்கட்கிழமை மஞ்சள் விரலுக்கு ஏறியிருந்தது, நகம் இருந்த ஓரம் பழுப்பாகக் காய்ந்து, தொட்டால் சருகுச் சத்தம் கேட்டது. அதற்கு அடுத்த திங்கட்கிழமை உள்ளங்கை. கொல்லையில் கீழே தொங்கும் கிழட்டு வாழையிலை எப்படி ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே காய்ந்துகொண்டு போகுமோ, அப்படி. சின்னது அதற்குள் என் இடுப்பைத் தாண்டி வளர்ந்து, தளதளவென்று, உள்ளங்கை ரோஜா நிறத்தில் நின்றது.

"டாக்டர்கிட்ட போவோம் வாடி."

"போயாச்சும்மா. அயர்ன் மாத்திரை குடுத்தாரு."

"இது வளர வளர நீ ஏன்டி காயுற?"

அவள் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "வாழை ஒரு தடவைதாம்மா குலை தள்ளும். பக்கக்கன்னு எழும்பி வந்துடுச்சுன்னா தாய்மரத்தோட வேலை முடிஞ்சுது. தானாக் காஞ்சு சாயும். ஃபர்ஸ்ட் இயர் பாடம் இது."

"நீ எங்கடி குலை தள்ளினே? ஒரு கருத்தரங்கு நடத்தினே. அது ஒரு குலையா?"

"ஷீல்டெல்லாம் குடுத்தாங்களே" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது உதட்டோரம் வெடித்தது. ரத்தம் வரவில்லை, நிறமில்லாத நீர்தான் வந்தது, அது என் புடவையில் பட்டுக் கறுப்பாகக் கறை பிடித்தது. வாழைக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது. அந்தப் புடவையை நான் இன்னும் துவைக்கப் போடவில்லை.

கன்றை எடுத்துவிட வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்வதற்கு என்ன, வாய்க்கு வாடகையா கொடுக்கிறார்கள். பொருளாளராக இருந்த மரகதம் என்ற பெண்ணின் அப்பா, கோவிந்தராசு, வாழைத்தோப்பு வைத்திருப்பவர். அவர் தன் வீட்டுச் சின்னதைத் தோப்புக்குள் கூட்டிக்கொண்டு போனார், திரும்பத் தனியாக வந்தார். என்ன செய்தீர்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லை, அவர் கையில் இருந்த அரிவாளை வாய்க்காலில் கழுவிய நேரம்தான் ரொம்ப அதிகம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மறுநாள் காலை மரகதத்தின் கால்மாட்டில் இரண்டு உட்கார்ந்திருந்தன. மரகதம் அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஏற்றும் குளுக்கோஸ் எல்லாம் அந்த இரண்டும் குடிப்பதுபோல, அதுகள்தான் கட்டில் பக்கத்தில் கொழுகொழுவென்று நின்றன. நான் பார்க்கப் போனபோது கோவிந்தராசு வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற எங்கள் வீட்டதை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "இதைத் தொட்டுடாதீங்கம்மா" என்றார். அன்றைக்கு வீடு திரும்பும்வரை நான் அதன் கையைப் பிடித்திருந்தேன். பாசத்தில் இல்லை. அது நிவேதாவின் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பதுபோல எனக்கு இருந்தது, கீழே விழுந்து சிராய்த்துக்கொண்டால்கூட அங்கே அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து, பள்ளம் மேடு பார்த்து நடத்திக் கூட்டி வந்தேன்.

இதற்குப் பிள்ளைகள் கண்டுபிடித்த வழி, இன்னொரு கருத்தரங்கு.

சத்தியமாகச் சொல்கிறேன். நிற்கவே தெம்பில்லாத பிள்ளைகள், விரல் உதிர்ந்துவிடுமோ என்று கையுறை போட்டுக்கொண்டு, 'பக்கக்கன்று: காரணமும் தீர்வும்' என்று ஃபிளெக்ஸ் அடித்தார்கள். பதிவுக்கு மேசை, கோப்பு, பேனா, சான்றிதழ். சிறந்த கட்டுரைக்குப் பரிசு வேறு. "பரிசு வாங்குறதுக்குள்ள எவனாவது சாஞ்சு போய்ட்டா?" என்று தமீமிடம் கேட்டேன். "அப்பாவோ அம்மாவோ மேடைக்கு வந்து வாங்கிக்கலாம் ஆன்ட்டி, அறிவிப்புலயே போட்டிருக்கோம்" என்றான். அவன் கண்ணிமை ஓரமும் காய ஆரம்பித்திருந்தது.

அன்றைக்கு நிவேதாவை நாற்காலியோடு தூக்கித்தான் வேனில் ஏற்றினோம். பல்கலைக்கழகத்தில் இறங்கியதும் சின்னது என் முந்தானையை விட்டுவிட்டு ஓடியது. எப்போது இங்கே கூட்டி வந்தாலும் அது இப்படித்தான் செய்யும், மற்றதுகளும் அப்படித்தான். நேரே சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போய், சிமெண்ட் தரையில் வரிசையாகக் குப்புறப் படுத்துக்கொண்டு, காதைத் தரையோடு வைத்துக்கொள்ளும். வெயிலுக்குத் தரை குளுகுளுவென்று இருக்கிறது, அதனால்தான் என்று துறைத்தலைவர் விளக்கம் சொல்லியிருந்தார். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. பெரிய படிப்பு படித்தவர்கள் விளக்கம் சொன்னால் நமக்கு ஒரு நிம்மதி.

அதை எழுப்பிக் கூட்டிக்கொண்டு அரங்கத்து வாசலுக்கு வந்தேன். அங்கே ஒரு டெம்போவிலிருந்து இரண்டு வாழைமரங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். குலையும் பூவுமாக. தமீம் தூணில் கட்டக் கயிறோடு நின்றான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "டேய் தமீம்! என்னடா இது?"

"வாசல் மொட்டையா இருக்குன்னு சார் சொன்னார் ஆன்ட்டி. மங்கலமா இருக்கட்டும்னு..."

"மங்கலமா? உள்ள என்ன கல்யாணமாடா நடக்குது? ஒவ்வொண்ணும் சருகாட்டம் உக்காந்திருக்குதுங்க, நீ வாழைமரம் கட்டுறே!"

"இது மார்க்கெட்ல வாங்கினது ஆன்ட்டி. போன தடவை மாதிரி நம்ம தோட்டத்துல வெட்டல."

நான் வாயை மூடினேன். எனக்கு அது அடிக்கடி நடக்காது.

"போன தடவை எங்கடா வெட்டினீங்க?"

"டிபார்ட்மென்ட் தோட்டத்துல. கருத்தரங்குக்கு முந்தின நாள் முகூர்த்தம், மார்க்கெட்ல மரமே இல்ல. அங்க ஒரே புதர்ல ரெண்டு மரம் பூ விட்டிருந்துச்சு. கமிட்டி எல்லாரும் சேந்துதான் வெட்டித் தூக்கிட்டு வந்தோம்."

"மரத்தை வெட்டினீங்க. அடியில பக்கக்கன்னு இருந்திருக்குமே. அதெல்லாம் எங்க?"

தமீம் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான். நாற்காலியில் சாய்ந்திருந்த நிவேதாதான், காய்ந்த கையை மெல்லத் தூக்கிக் கொட்டகையைக் காட்டினாள். "சாப்பாட்டுக்கு இடம் பத்தலைன்னு அந்தத் தோட்டத்தைத்தாம்மா சமம் பண்ணினோம். பக்கத்துல கட்டின காம்பவுண்டுச் சுவருக்குக் கலக்கின கான்கிரீட் மிச்சம் இருந்துச்சு. ஊத்திட்டோம்." சொல்லி முடிக்கும்போதே அவள் முகம் மாறியது. தாவரவியலில் முதல் வகுப்பில் தேறிய பிள்ளைகள் அத்தனை பேரும், அவ்வளவு நாளும் காரணத்தைத் தேடி நூலகத்தில் இருந்தவர்கள், அந்தத் தரையில் உட்கார்ந்துதான் தினமும் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உடைங்கடா அந்தத் தரையை" என்று கத்தினேன். துறைத்தலைவர் தியாகேசன் ஓடிவந்தார். "உடைக்கறதா? அம்மா, அது தரமதிப்பீட்டுக் குழுவுக்கு உணவுக்கூடம்னு காட்டின தரை. பதிவாளர் அனுமதி வாங்கணும்."

"வாங்குங்க சார். மெதுவா வாங்குங்க. அனுமதி வர்றதுக்குள்ள ஒரு வாசல் வளைவுக்கு எத்தனை பிள்ளைங்க தேவைப்படும்னு அதையும் கேட்டு எழுதிடுங்க."

அதற்குள், மரகதத்தின் இரண்டையும் கூட்டிக்கொண்டு வந்திருந்த கோவிந்தராசு எங்கிருந்தோ ஒரு கடப்பாரையை எடுத்து வந்துவிட்டார். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. முதல் இடி விழுந்ததும் அருள்தாஸும் சட்டையைக் கழற்றினார், பிறகு மற்ற அப்பாக்கள். சின்னதுகள் எழுந்து ஓரமாக நின்று பார்த்தன. தரை பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அடியில் இருந்ததைப் பார்த்து நூர்ஜஹான் "யா அல்லாஹ்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சமே படாமல் வெள்ளைவெளேரென்று, கட்டைவிரல் பருமனில் கன்றுகள், மேலே போக வழியில்லாமல் சிமெண்டின் அடிப்பக்கத்தோடு ஒட்டிப் படுத்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் நெளிந்து நெளிந்து ஓடி, நுனி மழுங்கி, அப்பவும் சாகாமல் கிடந்தன.

யாரும் சொல்லித்தரவில்லை. தமீமின் சின்னது நூர்ஜஹான் பின்னிப்போட்ட ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, குழிக்குள் இறங்கித் தன்னுடைய கன்றின் மேல் கால் வைத்து நின்றது. நின்ற இடத்தில் ஒரு பச்சைக் குருத்து சுருட்டி மேலே எழும்பியது, அவ்வளவுதான், பிறகு அங்கே பிள்ளை இல்லை. இங்கே தமீம் பெரிதாக மூச்சு விட்டான், மூழ்கியவனைத் தூக்கிப் போட்டதுபோல. ஒவ்வொன்றாக இறங்கின. மரகதத்தின் இரண்டும் கையைக் கோத்துக்கொண்டு இறங்கின. கோவிந்தராசு கடப்பாரையில் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதார்.

எங்கள் வீட்டது போகவில்லை.

என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. குழியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. நாற்காலியில் நிவேதாவின் மஞ்சள் கழுத்துக்கு ஏறியிருந்தது, தலை ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது. "கிளாரா" என்றார் அருள்தாஸ். நான் முந்தானையை உதறினேன். அது மறுபடி பிடித்தது. உதறினேன். பிடித்தது. இந்த முறை, முதல் முறையாக, இழுத்தது.

எனக்கு இந்த இழுப்பு தெரியும். கான்வென்ட் வாசலில், எல்.கே.ஜி. சேர்த்த அன்றைக்கு, நிவேதா இப்படித்தான் இழுத்தாள். அன்றைக்கு அவளிடம் சொன்னதையே இன்றைக்கும் சொன்னேன், அதே அதட்டலில், அது தவிர எனக்கு வேறு குரல் இல்லை. "நேரா நில்லு. மூக்கைத் துடை. இப்ப என்ன, உன்னை வித்துட்டா போறேன்? போடி உள்ள. சாயங்காலம் நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவள் நம்பினாள். மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பூப்போட்ட செருப்பைக் கழற்றி, இடது வலது பார்த்து ஜோடியாக வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

நிவேதா கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்குது" என்றாள்.

அதெல்லாம் ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு நகம் புதிதாக முளைத்துவிட்டது, மரகதம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள், தமீமுக்கு வேலை கிடைத்துவிட்டது, ஊர் மறந்துவிட்டது. ரேஷன் கடையில் அதைப் பற்றிப் பேசினால் "ஆமா, அந்த வருஷம் மழைகூட ஜாஸ்தி" என்கிறார்கள். உணவுக்கூடம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. தோட்டத்தில் வாழை புதராக நிற்கிறது. ஓரத்தில் நிற்கும் மரத்தின் தண்டில், இடது பக்கம், ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. தினமும் சாயங்காலம் வேலையை முடித்துவிட்டு நான் அங்கே போகிறேன். கூட்டிக்கொண்டு போகத்தான் போகிறேன், கூட்டிக்கொண்டு வர முடியாமல் திரும்புகிறேன். காவலாளிக்கு என்னைத் தெரியும், கேட்டைத் திறந்துவிட்டு அந்தப்பக்கம் திரும்பிக்கொள்வார். காற்றே இல்லாதபோதும் ஒரு இலை தாழ்ந்து வந்து என் முந்தானையில் படும்.

போன வாரம் அது பூ தள்ளியது. செக்கச்செவேலென்று, போட்டோ எடுக்கத் தோதாக. 'தளிர்' இந்த வருடமும் உண்டாம், புது கமிட்டி போட்டாகிவிட்டது, அழைப்பிதழ் அச்சுக்குப் போயிருக்கிறது, புதுச் செயலாளர் நிவேதாவிடம் போன் போட்டு ஆலோசனை கேட்டாளாம். நிவேதா எல்லாம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் "சரிக்கா, சரிக்கா" என்றுவிட்டுக் கடைசியில், "அப்ப வாசலுக்கு என்னக்கா கட்டுறது?" என்று கேட்டாளாம்.

இப்போதெல்லாம் நான் சாயங்காலம் வரை காத்திருப்பதில்லை. காலையில் சமையலை முடித்து, சோற்றைக் கையில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிடுகிறேன். யாராவது கயிறோடு வருகிறார்களா என்று கேட்டைப் பார்க்கிறேன். கேட்டில் யாரும் இல்லாதபோது அந்த மரத்தடியில் குனிந்து, அவள் காலடி மண் எங்கேயாவது வெடித்திருக்கிறதா, ஏதாவது முளைத்து வருகிறதா என்று பார்க்கிறேன். முளைத்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. முந்தானையை அவளுக்கு எட்டும்படி விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.